காரை முள்ளும் பாட்டுப் பெட்டியும்

7

“ஏ தூணு! புளி யாவாரி வெயில் ஏர்றதுக்குள்ள வந்துருவாரு. அந்தப் பெட்டி பாடுமா, பாடாதான்னு கேட்டுச் சொல்லு!”

மாதையன் பேசியது வாசல் பந்தல் தூணிடம். பதில் சொல்ல வேண்டியவள் நாலு எட்டு தள்ளி, அடுப்படிக் கதவை ஒட்டி நின்றிருந்தாள்.

“ஏ கோழி! நேத்து பொழுது சாயத்தான் கரியில ஓடற பஸ்ஸ விட்டு எறங்கினன். பெட்டியத் தலையில வச்சிக்கினு ரெண்டு கல்லு தூரம் நடந்து வந்தன். கழுத்து இன்னும் நேராவல. வெயில் ஏறட்டும், பாக்கலாம்னு சொல்லு.”

கோழி எதையும் சொல்லவில்லை. குப்பையைக் கிளறிக்கொண்டே போயிற்று. ஆனாலும் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. மாதையன் மூக்கால் ஒரு சத்தம் விட்டுவிட்டு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மூங்கில்கொட்டாய் ஊரில் அதுதான் வழக்கம். மூத்தாரும் தம்பி பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசக் கூடாது. ராமக்கா, மாதையனின் தம்பி தீர்த்தனுக்கு வாழ்க்கைப்பட்டு அந்த வீட்டுக்குள் வந்து பதினேழு வருஷம். அத்தனை வருஷமும் அவளும் மாதையனும் பேசியதெல்லாம் தூணோடு, கோழியோடு, கட்டிப் போட்ட எருமையோடு. அவசரத்துக்கு எதுவும் அகப்படாவிட்டால் காவேரி இருந்தாள். காவேரி, மாதையன் பெண்டாட்டி, ராமக்காவுக்கு ஓரகத்தி.

“என்னையும் தூணு மாதிரி நட்டு வச்சிட்டீங்க ரெண்டு பேரும். தூணுக்குச் சோறு போட வேணாம், எனக்குப் போடணும். அதுதான் வித்தியாசம்” என்பாள் காவேரி.

இத்தனை தகராறும் ஒரு பெட்டிக்காக.

போன ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனபோதுதான் ராமக்கா அதைக் கேட்டாள். மீன் வறுக்கிற கடை ஒன்றில் ஒரு கிராமபோன் வைத்திருந்தார்கள். அருவி போடுகிற இரைச்சல் தெரியுமே. அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். கையில் வாங்கிய மீன் ஆறி விறைக்கிற வரை ராமக்கா அங்கேயே நின்றாள்.

“நம்ம வூட்டுல எல்லாரு கொரலும் எனக்கு வேல சொல்லுது. வேல சொல்லாத கொரலு ஒண்ணு எனக்கு வேணும்” என்று திரும்பி வரும் வழியிலேயே தீர்த்தனிடம் சொல்லிவிட்டாள்.

அவளுக்கென்று மூன்று புளியமரம் உண்டு. ஏரிக்கரை ஓரமாக நிற்கும். கல்யாணத்தில் அவள் அப்பன் சீதனமாக எழுதிக் கொடுத்தது. பதினாறு வருஷம் அந்த மரங்களுக்கு மாதையன்தான் விலை பேசினார். போன பங்குனியில் காய் இறங்கியதும் ராமக்கா, “என் மரத்துக்கு நானே பேசறன்” என்று எருமையிடம் சொல்லிவிட்டு, புளியை உப்பிட்டுப் பானையில் அடைத்து வைத்தாள். ஐப்பசியில் விற்றாள். சேலம் போனாள். பெட்டியோடு வந்தாள்.

பெட்டி எட்டு நாள் பாடிற்று. ஒன்பதாம் நாள் ஊசி டப்பாவைக் காணவில்லை.

ஒரு இசைத்தட்டு பாடி முடிந்ததும் ஊசியை மாற்றிவிட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். டப்பா போன பிறகு மிஞ்சியது, பெட்டியின் தலையில் மாட்டியிருந்த ஒரே ஊசி. மூங்கில்கொட்டாயில் மாமியார் ஒரு கோணி ஊசி வாங்கினால் அது மருமகள் காலத்துக்கும் வரும். அந்த நினைப்பிலேயே வளர்ந்த ராமக்கா, ஒற்றை ஊசியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஒரே தட்டைப் பாடவைத்தாள். பாட்டு முதலில் ஆடு கத்துகிற மாதிரி ஆயிற்று. பிறகு ஆட்டை அறுக்கிற மாதிரி ஆயிற்று. கறுப்புத் தட்டு சாம்பல் பூத்துப் போயிற்று.

போன வெள்ளிக்கிழமை மாமியார் மாதம்மாள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“மாதையா, கேட்டுக்க. ராமக்கா, நீயும் கேட்டுக்க. புளி யாவாரி முனிராஜ் காய் பாக்க வர்ற அன்னிக்கு அந்தப் பெட்டி பாடணும். பாடினா, அவ மரத்துக்கு அவளே பேசட்டும், எப்பவும். பாடலன்னா, வாங்கத் தெரியாதவளுக்கு விக்கவும் தெரியாதுன்னு அர்த்தம். இனிமே மாதையன்தான் பேசுவான். அதுக்கு மேல என் காதுல இந்தச் சண்ட விழக் கூடாது.”

முனிராஜ் வருகிற நாள் இன்றைக்குத்தான்.

அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்த காவேரி துடுப்பை நிறுத்தாமலே கேட்டாள்.

“சேலத்துக் கடக்காரன் என்னாதான் சொன்னான்?”

“ஊசிக்கு எங்க போறது, கப்பலு வந்தாத்தான் ஊசி, வெள்ளக்காரங்க சண்ட முடிஞ்சு வாங்கன்னான். அப்ப பெட்டியத் திருப்பி எடுத்துக்கன்னு சொன்னன்.”

“எடுத்துக்கினானா?”

“வித்தது வித்ததுதானாம். பொம்பளைங்க கையில குடுத்தா இப்பிடித்தான்னு பக்கத்துல நின்னவன்கிட்ட சொல்லிச் சிரிக்கறான்.”

“நீ சும்மா வந்துட்டியா?”

“ஏன் சும்மா வரணும்? பொம்பளை கையில காசு வாங்கறப்ப மட்டும் கை இனிச்சுதான்னு கேட்டன். கடையில இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. ஒரு தட்டுக்கு ரெண்டு தட்டா வாங்கினியே தாயி, அந்தப் புதுத் தட்டையாவது ஒழுங்கா வச்சிக்கன்னான்.”

புதுத் தட்டு இன்னும் காகித உறையைவிட்டு வெளியே வரவில்லை. மாரியம்மன் பண்டிகைக்கு என்று ராமக்கா அதை அரிசிப் பானை மேல் வைத்திருந்தாள். அதனால் அது பிழைத்தது.

காவேரி அடுப்பிலிருந்து கட்டையை இழுத்தாள். “பெட்டிய வாங்கினது தப்புன்னு உனக்குத் தோணலியா ராமு? எங்கிட்ட சொல்லு. தூணுகிட்ட சொல்ல மாட்டன்.”

ராமக்கா களிப் பானையை இறக்கி வைத்தாள்.

“தோணுது அக்கா. நேத்து பஸ்ஸுல வர்றப்ப மடியில வச்சிக்கினு வந்தன். தொப்பூர்க் கணவாயில பஸ்ஸு ஏற மாட்டாம எல்லாரையும் எறக்கி விட்டுட்டான். பெட்டியத் தூக்கிக்கினு மேட்டுல நடக்கறன், நடக்கறன், ஒரு நல்ல கறவ மாடு வாங்கியிருக்கலாமேன்னு தோணுச்சு. மாடா இருந்தா அதுவே நடந்து வந்திருக்கும்.”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் ராமக்கா சொன்னாள்:

“தப்புதான். அதுக்காவ மரத்தக் குடுப்பனா?”

அப்போது தீர்த்தன் உள்ளே வந்தான். ஒரு பை வைத்த டவுன் சட்டை போட்டிருந்தான். அந்தச் சட்டையை அவன் இப்போதெல்லாம் கழற்றுவதே இல்லை. உழவுக்குப் போனாலும் அதுதான். தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, சொம்பைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“ஏ புள்ள, அண்ணன் பேசினாத்தான் என்ன? நம்ம வூட்டு மரம் எல்லாத்தையும் சேத்து ஒரே பேச்சாப் பேசிடுவாரு. உனக்கு ஏன் இந்த வம்பு?”

“நீங்க சொல்றீங்களா, உங்க அண்ணன் சொல்லச் சொன்னாரா?”

“நானாத்தான் சொல்றன்.”

“என்னப் பாத்துச் சொல்லுங்க. சொம்பப் பாத்துச் சொல்லாதீங்க. இந்த வூட்டுல பாத்திரம் பண்டத்துக்கிட்டப் பேசறதுக்கு ஏற்கெனவே ரெண்டு பேரு இருக்கறம். மூணாவது ஆளு வேணாம்.”

தீர்த்தன் சொம்பை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். நல்ல மனுஷன். கோபப்படத் தெரியாது. கூட நிற்கவும் தெரியாது.

வெயில் பந்தலுக்குள் எட்டிப் பார்க்கிற நேரத்தில் முனிராஜ் வந்தார். ஓசூர்ப் பக்கத்து ஆள். வருஷா வருஷம் தை பிறந்ததும் காய் பார்க்க வருகிறவர். தமிழ்தான் பேசுவார், அவசரம் வந்தால் கன்னடம் வந்துவிடும். இன்றைக்கு வலது காலை விந்தி விந்தி வைத்துக்கொண்டு வந்தார்.

“என்ன முனிராஜண்ணே, கால்ல என்ன?” மாதையன் எழுந்து போய்க் கையைப் பிடித்தார்.

“உங்க ஊரு வேலிய மிதிச்சுட்டன். பரவால்ல, பரவால்ல. பெட்டிப் பஞ்சாயத்துன்னு சொன்னாங்களே வழியில? மொதல்ல அத முடிங்க.”

சேதி பக்கத்து ஊர் நல்லம்பள்ளி வரைக்கும் போயிருந்தது.

ராமக்கா பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். மூடியைத் திறந்து சாவி கொடுத்தாள். பழைய தட்டை வைத்து, பழைய ஊசியை இறக்கினாள்.

கீச்சென்று கிளம்பிற்று. கோழிகள் குப்பைமேட்டுக்கு ஓடின. கட்டியிருந்த எருமை கயிற்றை இழுத்தது.

முனிராஜ் காதைப் பொத்திக்கொண்டு, “பேடம்மா, பேடா! வேணாம்!” என்றார்.

மாதையன் தூண் பக்கம் திரும்பினார். இந்தக் கணத்துக்காக ஒரு வாரம் காத்திருந்தவர்.

“கேட்டுக்கினியா, தூணு? மூணு மரத்துப் புளி. ஒரு வருஷத்துக் காய். குடுத்துட்டு என்னா வாங்கியாந்திருக்குது பாரு. இதுக்குத்தான் சொல்றது, வாங்கறதும் விக்கறதும் தெரிஞ்சவங்க பண்ணணும்னு. நான் பேசி முடிக்கலாமான்னு கேட்டுச் சொல்லு.”

ராமக்கா ஊசியைத் தூக்கினாள். அவளும் தூண் பக்கமே திரும்பினாள். ஒரே தூண், இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள்.

“தூணு, நல்லாக் கேட்டுக்க. மூணு வருஷத்துக்கு முன்னால இந்த வூட்டுக்குச் சந்தையில இருந்து ஒரு காள வந்துச்சு. ஞாவகம் இருக்குதா? உழவுல நல்லாத்தான் போவும். தண்ணியக் கண்டா மட்டும் படுத்துக்கும். இன்னிக்கும் படுத்துக்கினுதான் வைக்கல் தின்னுது. வாங்கினது யாரு?”

தூண் பேசவில்லை. மாதையன் துண்டை மறு தோளுக்கு மாற்றினார்.

“சரி, அது போவட்டும். உள்ள சொவத்துல ஒரு கடியாரம் மாட்டியிருக்குது. மணி அடிக்கும்னு வாங்கியாந்தாங்க. அடிக்குது. எப்ப அடிச்சாலும் பன்னெண்டுதான் அடிக்குது. வெடியக்காலமும் பன்னெண்டு, வெளக்கு வச்சாலும் பன்னெண்டு. அத வாங்கினது யாரு?”

காவேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“காளைக்கு யாருனா கெடு வச்சாங்களா? கடியாரத்துக்குப் பஞ்சாயத்து வச்சாங்களா? வாங்கத் தெரியாதவரு இனிமே விக்கவும் வேணாம்னு யாருனா சொன்னாங்களா? ஆமா, தூணு. நானும் தப்பாத்தான் வாங்கினன். என் புளி, என் தப்பு. இந்த வூட்டுல ஆம்பளைங்க பண்ற தப்பு எல்லாம் வைக்கல் தின்னுக்கினு நிம்மதியாப் படுத்திருக்குது. என் தப்புக்கு மட்டும் மூணு மரத்த வெலையாக் கேக்கறாங்க. குடுக்க மாட்டன்னு சொல்லு.”

“அடேங்கப்பா!” என்றார் முனிராஜ். காலை மாற்றி வைத்தவர், “ஸ்ஸ்” என்று குதிகாலைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மாதம்மாள் அவர் காலைத் தூக்கிப் பார்த்தாள். “முள்ளு உள்ளாறயே ஒடிஞ்சு நிக்குது. இத வச்சிக்கினா இவ்வளவு நேரம் சண்ட பாத்த? காவேரி! அடுப்புக்கு மேல எறவானத்துல காரை முள்ளு சொருகி வச்சிருக்கேன். எடுத்தா.”

அது மாதம்மாளின் பழக்கம். பழைய வேலியில் காய்ந்து முற்றின காரை முள்ளாகப் பார்த்து ஒடித்துவந்து, அடுப்பு மேலே கூரையில் செருகி வைப்பாள். ஒரு வருஷம் புகை குடித்தால் முள் கறுத்து இரும்பாகிவிடும். ஊரில் பாதிப் பேருக்குக் காது குத்தினது அந்த முள். பிள்ளைகள் காலில் முள் ஏறினால் எடுப்பதும் அந்த முள்.

காவேரி ஒரு பிடி முள்ளோடு வந்தாள். மாதம்மாள் அதில் ஒன்றை எடுத்து, முனிராஜின் குதிகாலில் இறக்கி, நெம்பினாள். அவர் கன்னடத்தில் தன் குலதெய்வத்தைக் கூப்பிடுவதற்குள் உடைந்த முனை வெளியே வந்துவிட்டது.

“முடிஞ்சுது. ஆம்பளையா நீ? இதுக்கா இந்தக் கத்து!”

கறுப்பு முள்ளைத் துடைத்துத் தரையில் வைத்தாள். ராமக்கா அதை எடுத்தாள். விரல் நுனியில் வைத்துப் பார்த்தாள். கடப்பாறை மாதிரி இருந்த அந்தக் குதிகால் தோலைக் குத்தி நெம்பியும் முனை மழுங்கவில்லை.

பெட்டியின் தலையைப் பார்த்தாள். ஊசியைப் பிடிக்கிற சின்னத் திருகைப் பார்த்தாள். கையிலிருந்த முள்ளைப் பார்த்தாள்.

“அத்தே, இதுல ஒண்ணு எடுத்துக்கட்டுமா?”

“யாரு கால்ல முள்ளு?”

“பெட்டிக்கு.”

மாதையன் தூணைக்கூட மறந்துவிட்டுச் சிரித்தார். “பெட்டிக்குக் காது குத்தப் போறாங்களாம்! தாய்மாமன் யாரு? சீரு யாரு கொண்டாறது?”

ராமக்கா காதில் வாங்கவில்லை. கால்படாத முள்ளாக ஒன்றைப் பொறுக்கினாள். அரிவாள்மணையில் வைத்து அடியை நறுக்கினாள். திருகைத் தளர்த்தி, தேய்ந்த ஊசியை எடுத்து எறிந்துவிட்டு, முள்ளைச் செருகி முடுக்கினாள். பிறகு காவேரியைப் பார்த்தாள்.

“அக்கா, அரிசிப் பான மேல இருக்கற தட்டு.”

“அதுவா? பண்டிகைக்குன்னு வச்சியே?”

“இன்னிக்கு நான் தோத்தா எனக்கு எந்தப் பண்டிகையும் வேணாம். எடுத்தாங்க.”

புதுத் தட்டு வந்தது. கன்னங்கரேலென்று, எண்ணெய் தடவின மாதிரி பளபளத்தது. ராமக்கா அதை வைத்தாள். சாவி கொடுத்தாள். முள்ளை இறக்கினாள்.

முதலில் மாவு சலிக்கிற மாதிரி ஒரு சரசரப்பு. அப்புறம் ஒன்றுமில்லை. மாதையன் வாயைத் திறந்தார்.

அவர் பேசுமுன் பெட்டி பேசிற்று.

ஒரு பெண் குரல். இரும்பு ஊசியில் வந்த குரல் மாதிரி இது சுள்ளென்று இல்லை. கொஞ்சம் அடங்கி, பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டே தனக்குத்தானே பாடுகிறவள் போல வந்தது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. எருமை இழுப்பதை நிறுத்தியது. மாதம்மாள் வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். குப்பைமேட்டுக் கோழிகள்கூட ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

காவேரிதான் முதலில் பேசினாள். “நல்லாத்தான் பாடுது. ஆனா, என்னா பாடுதுன்னு ஒரு எழவும் புரியலியே?”

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அது தமிழ் இல்லை.

மாதையன் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். “அப்பிடிச் சொல்லு! கடக்காரன் தலையில கட்டிட்டான். தூணு, பாடுச்சாம், என்னத்தப் பாடுச்சு? யாருக்குப் புரிஞ்சுது? இதெல்லாம் பாட்டா? இந்தப் பேச்சு செல்லாதுன்னு சொல்லு!”

“சும்மா இரய்யா!”

அதட்டியது முனிராஜ். கட்டில் ஓரத்தில் குனிந்து, பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டிருந்தார்.

“இது எங்க பாஷை. ராகி அரைக்கறப்ப எங்க பொம்பளைங்க பாடறது. எங்கம்மா பாடுவா. பொழுது வெளுக்கறதுக்கு முன்னால கல்லச் சுத்திக்கினு.”

“என்னா சொல்றா?” என்றாள் மாதம்மாள்.

முனிராஜ் ஒவ்வொரு அடியாகக் கேட்டுக் கேட்டுச் சொன்னார்.

“கல்லே, நீயாவது கேளுங்கறா. இந்த வூட்டுல எல்லாருக்கும் காது இருக்குது, கேக்கற ஆளு இல்ல. அதனால கல்லுகிட்டப் பேசறன். நீ கல்லுன்னு தெரிஞ்சுதான் பேசறன்.”

பாட்டு முடிந்தது. தட்டு சும்மா சுற்றிற்று. ராமக்கா முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

மாதையன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “என்ன இருந்தாலும், தூணு, தமிழ்ல பாடாத பெட்டி...”

“மாமா.”

ராமக்கா தூணைப் பார்க்கவில்லை. கோழியைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து மாதையனைப் பார்த்தாள்.

“பெட்டி பாடணும்னுதானே பேச்சு? என்ன பாஷையில பாடணும்னு பேச்சா, மாமா?”

காவேரியின் கையிலிருந்த முள்ளெல்லாம் கீழே விழுந்தது. தீர்த்தன் வாசலில் கல்லாக நின்றான். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அவரிடமே பேசிவிட்டாள்.

மாதையனின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. கோபமா, வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை. பழக்கத்தில் தலை தூண் பக்கம் திரும்பிற்று.

“தூணு...”

“தூணக் கூப்பிடாத” என்றாள் மாதம்மாள். “அது ஒண்ணும் கேக்கல. கேட்டது அவ. பதிலு இருந்தா அவகிட்டச் சொல்லு.”

மாதையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நெற்றியைத் துடைத்தார். கழுத்தையும் துடைத்தார். துடைக்க வேறு இடம் இல்லை என்றானதும் சொன்னார்:

“பாஷை பேச்சு இல்லதான்.”

யாரிடம் சொன்னார் என்று கேட்டால் சொல்வது கஷ்டம். ஆனால் முகம் தூண் பக்கம் இல்லை.

முனிராஜ் ஒரு காலைச் சோதனையாக ஊன்றிப் பார்த்துவிட்டு எழுந்தார். “அப்ப நான் யாருகிட்டப் பேசணும்?”

“மரம் யாருதோ அவகிட்ட” என்றாள் மாதம்மாள்.

“என்னம்மா சொல்றீங்க?” முனிராஜ் ராமக்கா பக்கம் திரும்பினார்.

ராமக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “காய உலுக்கறது உங்க ஆளுங்க. ஓடு உடைக்கறது, கொட்ட எடுக்கறது எல்லாம் எங்க கொட்டாய்ப் பொம்பளைங்கதான். வெளியாளு கூடாது. கொட்ட எங்களுக்கு. சம்மதம்னா மத்தது பேசலாம்.”

“கொட்டையுமா! சரிம்மா, பேசலாம். இன்னொரு விஷயம். நான் பெங்களூரு போறப்ப ஊசி கெடைக்குதான்னு பாக்கறன். கெடைச்சா ஒரு டப்பா கொண்டாந்து தரன்.”

“வேணாங்க. எங்க வேலியில முள்ளு நெறைய இருக்குது.”

“ஆமாமா, எனக்குத் தெரியும்” என்று குதிகாலைத் தடவிக்கொண்டார் அவர். “எனக்கு அந்தப் பாட்ட இன்னொரு தடவ வைங்க. கேட்டுட்டு மரத்தப் பாக்கப் போவலாம்.”

ராமக்கா கீழே விழுந்த முள்ளையெல்லாம் பொறுக்கி, ஒன்றைப் பெட்டியில் மாட்டி, மிச்சத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பாட்டை இன்னொரு தடவை வைத்தாள். இந்தத் தடவை முனிராஜ் எதுவும் மொழிபெயர்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஏரிக்கரைக்கு எல்லாருமாகக் கிளம்பினார்கள். மாதையன் வரவில்லை, காளைக்கு வைக்கோல் வைக்க வேண்டும் என்றார். மரத்தில் ஏறி மாதிரிக்காய் பறிக்க வேண்டியவன் தீர்த்தன். மரத்தடியில் அவன் முகத்தில் வெகுநாளைக்கு அப்புறம் சிரிப்பு இருந்தது.

“கெட்டிக்காரிதான் புள்ள நீ. அண்ணனையே!” என்று மெல்லச் சொன்னான். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினான். சட்டை கிளையில் மாட்டிக் கிழியும் என்று கழற்றி அவளிடம் எறிந்துவிட்டு மேலே ஏறினான்.

ராமக்கா சட்டையைப் பிடித்தாள்.

கலகல என்றது.

சின்னச் சத்தம். தகரத்துக்குள் இரும்புத் துகள் உருளுகிற சத்தம். வேறு யாராக இருந்தாலும் சில்லறை என்று நினைத்திருப்பார்கள். ராமக்கா எட்டு நாள், தட்டுக்கு ஒரு தரம், அந்தச் சத்தத்தைக் கேட்டவள். இரண்டு மாதமாக அரிசிப் பானையிலும் அம்மிக்கு அடியிலும் எலி வளையிலும் அதைத் தேடினவள்.

சட்டைப் பைக்குள் கையை விட்டாள். ஊசி டப்பா. மூடி இறுக்கமாக இருந்தது. காணாமல் போன அன்றைக்கு இருந்ததில் ஒன்றுகூடக் குறையவில்லை.

மேலே கிளைகள் அசைந்தன. “ஏ புள்ள! இந்தக் காய் பாரு, தேன் மாதிரி!” என்று தீர்த்தனின் குரல் வந்தது. ஒரு காய் அவள் காலடியில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

“என்னம்மா, முகம் மாறிப் போச்சு?” என்றார் முனிராஜ். “கொட்டையும் உங்களுக்குத்தான்னு சொல்லிட்டனே?”

“ஒண்ணுமில்லீங்க. வெயிலு.”

புங்கமரத்து மறைவுக்குப் போனாள். டப்பாவைத் திறந்து ஊசி அத்தனையையும் முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டாள். இடுப்பில் செருகி வைத்திருந்த காரை முள்ளையெல்லாம் எடுத்து ஒடித்து, முனை மேலே பார்க்க, டப்பாவுக்குள் நெருக்கி அடுக்கினாள். டப்பாவைப் பழையபடி சட்டைப் பையில் வைத்தாள். மூடியை மட்டும் போடவில்லை.

பேச்சு முடிந்தது. முனிராஜ் நல்லம்பள்ளி சாலையைப் பார்த்து விந்தி விந்திப் போனார். தீர்த்தன் மரத்தைவிட்டு இறங்கினான். உடம்பெல்லாம் புளியந்தூசி. சட்டையை வாங்கி மாட்டினான். பொத்தான் போட்டான். பிறகு, இரண்டு மாதமாகச் செய்கிற மாதிரி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பைக்குள் கையைவிட்டுத் தொட்டுப் பார்த்தான்.

“ஐயோ!”

கையை உதறினான். நடுவிரல் நுனியில் ஒரு முள் நேராக நின்றது. பையையும் விரலையும் பார்த்தான். கடைசியில்தான் அவளைப் பார்த்தான். இந்தத் தடவை பார்ப்பதற்குச் சொம்பு எதுவும் அங்கே இல்லை.

ராமக்கா முந்தானை முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“முள்ளாங்க? கையக் குடுங்க. எடுத்துடறன், எனக்கு எடுக்கத் தெரியும். மொதல்ல அது எப்பிடி உள்ள போச்சுன்னு சொல்லுங்க.”